லாரியில் போன பாதயாத்திரை

1

ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் சென்ற வாரம் கப்பலிலிருந்து இறங்கிய கையோடு எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார். சுண்டைக்காய் வற்றல் ஒரு பொட்டலம், என் தங்கை கொடுத்தனுப்பிய ஒரு சேலை, இவற்றோடு என் அத்தை மகன் மருதமுத்து அத்தான் சொல்லியனுப்பிய ஒரு பேச்சையும் கொண்டுவந்தார். மற்ற இரண்டையும் கொடுத்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, வாசற்படியில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார். உட்கார்ந்து சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“மலாய்நாட்டுல ஒங்க ஆளு பாதயாத்திரைக்கு லாரியிலதான் போறானாம்லன்னு கோயில் வாசல்ல வச்சு ஒங்க அத்தான் சொன்னாரு, கிராணி ஐயா. நாலு பேரு கூட நின்னு சிரிச்சாங்க.”

அடுப்படியில் இருந்த என் மனைவி தையல்நாயகி இதைக் கேட்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து சாப்பாடும் பேச்சும் குறைவாகவே இருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அத்தான் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. நடுவில் ஒரு கடல் இருப்பது அவருக்கு நல்லதாகப் போயிற்று. ஆகவே ஊர்க்காரர்கள் படிக்கும் இந்தப் பத்திரிகையிலேயே பதில் எழுதுகிறேன். கோயில் வாசலில் நின்று சிரித்த அந்த நாலு பேரும் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆமாம் அத்தான். பாதயாத்திரைக்கு லாரிதான் பிடித்தோம். அது எப்படி நடந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

2

நான் மலாக்கா மாநிலத்தில் மணல்மேட்டுத் தோட்டம் என்று நம் ஜனங்கள் அழைக்கும் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா. ஊரில் இதைப் பெரிய உத்தியோகம் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். வெள்ளைக்காரத் துரைக்கும் பால்வெட்டுகிற ஜனத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம் இது.

இந்த நாட்டில் சில வருஷங்களாக அவசரகாலம் நடக்கிறது. சர்க்காரை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோம் என்று சர்க்காருக்குச் சந்தேகம். அதனால் சென்ற வருஷம்வரை எங்களைச் சுற்றி முள்கம்பி வேலி இருந்தது. ஒரே ஒரு கேட்டு. மாலை ஆறு மணிக்கு அதைப் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். வெளியே போகும்போது ஒரு பிடி அரிசியோ, ஆறிப்போன கஞ்சியோகூடக் கையில் இருக்கக்கூடாது. இருந்தால் ஜெயில்.

கேட்டில் ஆண்களைத் தடவிப் பார்க்க ஓர் ஆள், பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண். பால்வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். சைக்கிள் பம்பைக் கழற்றிப் பார்ப்பார்கள். என் மகன் வேலுவின் ஜடையையும் அவிழ்த்துப் பார்ப்பார்கள். பையனுக்கு ஜடையா என்று கேட்பீர்கள், அதற்குத்தான் வருகிறேன்.

வேலு பிறப்பதற்கு முன்னால் தையலுக்கு மூன்று குழந்தைகள் தங்கவில்லை. இவன் வயிற்றிலிருக்கும்போது அவள் வேண்டிக்கொண்டாள்: பிள்ளை தங்கினால், தோட்டத்துக் கேட்டிலிருந்து மலாக்கா டவுன் மாரியம்மன் கோயில் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து முதல் முடி இறக்குகிறேன் என்று. பிள்ளை தங்கிவிட்டான். அதற்குள் கம்பிவேலி வந்துவிட்டது. கேட்டு திறந்து மூடுவதற்குள் நடந்து போய்த் திரும்புகிற தூரமில்லை. முன்னெல்லாம் பொழுது சாயக் கிளம்பி இரவெல்லாம் நடந்து விடிகிற நேரத்தில் கோயிலுக்குப் போய்ச் சேர்வார்களாம். இப்போது ஆறு மணிக்குமேல் ரோட்டில் நிழல் அசைந்தால் சுடுவார்கள்.

வருஷம் ஏற ஏற வேலுவின் தலைமுடியும் ஏறியது. ஐந்து வயது ஆண்பிள்ளை ரிப்பன் வைத்து இரட்டை ஜடையோடு திரிந்தான். அடுத்த வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். வாத்தியார் ஜடையோடு வந்தால் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் அவனை “வேலம்மா” என்று கூப்பிட்டார்கள். கேட்டில் சோதனை போடுகிற பெண் தினமும் அந்த ஜடையைப் பிரித்து விரலை விட்டு அரிசி இருக்கிறதா என்று துழாவுவாள். அவன் தமிழில் அழமாட்டான். கேட்டுப் போலீஸ்காரர்களின் பிள்ளைகளோடு விளையாடி மலாயில்தான் கோபம் வரும்: “செப்பாட் லா! சாயா லெலாக்கி!” சீக்கிரம் ஆகட்டும், நான் ஆம்பிளை என்று அர்த்தம். என் பிள்ளை தன்னை ஆம்பிளை என்று சொல்லிக்கொள்ள அடுத்தவன் பாஷை வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வயிறு எரியும்.

டவுனுக்குப் பஸ்ஸில் போய் மொட்டை போட்டுவிட்டு வரலாம் என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். தையல் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்தது.

“நடந்து வரேன்னுதான் சொன்னேன். ஒரு எட்டு கொறஞ்சாலும் அது நடக்காததுதான். புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?”

இதுதான் அவள் கணக்கு. கேட்டிலிருந்து கோயில்வரை காலடி விட்டுப்போகக்கூடாது. விட்டுப்போனால் வேண்டுதல் பலிக்காது, பிள்ளை அவளுக்கு இல்லை.

3

வழி சொன்னவர் தோட்டத்துக் கோயில் பண்டாரம். எனக்கு அந்த மனிதரைக் கண்டால் ஆகாது. எந்தக் கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லும் ஆசாமி. அன்றும் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

“ஒரே நாள்ல நடக்கணும்னு ஆத்தா கேக்கலியே. ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை நட. எந்த எடத்துல நிறுத்துறியோ அங்க மஞ்சத்துணியில காசு முடிஞ்சு கட்டு. அடுத்த வாரம் அந்த முடிச்ச அவுத்துக் கையில எடுத்துக்கிட்டு அங்கேருந்தே நட. முடிச்சுக்கு முடிச்சு சேந்துச்சுன்னா ஒரே நடைதான்.”

தையலின் முகம் மலர்ந்தது. பாதியில் நின்ற வேண்டுதல்கள் இருந்த இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாருக்குமாகப் போக்குவரத்து ஏற்பாடு செய்கிற வேலை என் தலையில் விழுந்தது.

ஊரில் வண்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை புரியாது. துண்டு துண்டாக நடக்கிறவர்களுக்கு நடை பெரிய வேலையில்லை. காலையில் விட்ட இடத்துக்குக் கொண்டுபோய் இறக்க ஒரு வண்டி வேண்டும். அது நடந்து முடிக்கும் இடத்தில் போய்க் காத்திருந்து ஆறு மணிக்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதுவரைக்கும் அந்த வண்டி எங்கே நிற்பது? அந்தக் கேள்வியிலேயே என் பாதி உயிர் போயிற்று. ரோட்டோரத்தில் ஆளில்லாமல் ஒரு லாரி நின்றால் காட்டுக்காரர்களுக்கு அரிசி இறக்குகிறது என்று அர்த்தம். நடக்கிறவர்கள் பின்னாலேயே ஊர்ந்து போனால் இன்னும் மோசமான அர்த்தம்.

தோட்டத்து லாரியைத் துரையிடம் கேட்டேன். சாமி கும்பிடப் போக வண்டி எண்ணெய் தர முடியாது என்றார். கடைசியில் சடையன்தான் கிடைத்தான். கோலா சுங்கை பாருவிலிருந்து மீன் ஏற்றுகிறவன். சொந்த லாரி, சொந்த வாய். மீன் தண்ணீர் இறங்கி மரம் அழுகாமல் இருக்க, பின்தட்டு முழுக்கத் தகடு அடித்து வைத்திருந்தான்.

பெண்கள் லாரியைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எல்லாரும் கவிச்சி விட்டு விரதம் இருக்கிறார்கள், மீன் லாரியில் எப்படி ஏறுவது?

“மீன் நாத்தம் ஆகாதுன்னா நடந்து போங்க லா. நடக்கத்தானே போறீங்க?” என்றான் சடையன். இந்த நாட்டில் எல்லார் பேச்சின் வாலிலும் இப்படியொரு மலாய் ‘லா’ ஒட்டிக்கொள்ளும்.

நானும் பண்டாரமும் ஆறேழு வாளி மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். அதற்கப்புறம் மீனும் மஞ்சளும் கலந்து குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. விரதக்காரர்களுக்கு அது இன்னும் பெரிய சோதனை.

லாரி நிற்க இடம் தேடி, தஞ்சோங் கிளிங் போகிற வழியில் கடை வைத்திருக்கும் ராவுத்தரிடம் போனேன். நம் ராமநாதபுரத்துப் பக்கத்து முஸ்லிம். அவர் அப்பா காலத்திலிருந்தே மலாக்காவில்தான். எல்லாரும் அவரை நானா என்பார்கள். அண்ணன் என்கிற மரியாதைதான், ஆனால் அவரிடம் மரியாதை எதிர்பார்க்கக்கூடாது.

“லாரிய என் கடை வாசல்ல நிறுத்திட்டு நீங்க சாமி கும்பிடப் போயிருவீங்க. போலீஸு வந்து என் மளிகைய அளப்பான். எனக்கென்ன பைத்தியமா?”

“ஒரு நாலு மணி நேரம் நானா.”

“நாலு மணி நேரத்துல என்னைய நாப்பது தடவ உள்ள தள்ளலாம்.”

மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை, என்னை விரட்டுவதற்காகவே நிபந்தனை போட்டார். லாரி ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும். பின்பலகையை இறக்கி வைக்க வேண்டும். மேலே போட்டிருக்கும் கான்வாஸைச் சுத்தமாகக் கழற்ற வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்று போகிறவன் வருகிறவன் எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

“வெயில்ல தகடு காயுமே நானா.”

“காயட்டும். நீங்க போற காரியத்துக்கு ஒங்க சாமி குளுமையா வச்சிருக்கும்.”

பிறகு, லாரியில் ஆள் ஏற்றிப்போகப் போலீஸ் பெர்மிட். அதை என் பெயரில் எழுதி வாங்குவதற்குள் போலீஸ் ஸ்டேஷன் சார்ஜன்ட் என்னை நான்கு வாரம் அலைய விட்டார். எதற்காக நடக்கிறீர்கள், லாரி இருக்கும்போது ஏன் நடக்கிறீர்கள், நடக்கிறவர்களுக்கு எதற்கு லாரி. ஒவ்வொரு தடவையும் இதே மூன்று கேள்விகள். யோசித்துப் பார்த்தால், அத்தான், நீங்களும் அந்தச் சார்ஜன்டும் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறீர்கள்.

4

முதல் ஞாயிற்றுக்கிழமை கேட்டுச் சோதனையிலேயே காலை வெயில் ஏறிவிட்டது. பன்னிரண்டு பெண்களின் கொண்டைகளும் ஒரு பையனின் இரண்டு ஜடைகளும் பிரிக்கப்பட்டன. யாரிடமும் ஒரு பருக்கை இல்லை. இருந்த தண்ணீரைக்கூட ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார்கள்.

தாமதமாகக் கிளம்பியதால் நானா கடையை எட்ட முடியவில்லை. நேரம் தாண்டிவிட்டதைப் பார்த்துச் சடையனே லாரியைத் திருப்பிக்கொண்டு எதிரே வந்துவிட்டான். “ஏறுங்க, ஏறுங்க, கேட்டு மூடிருவான்!” என்று ஹார்னை அழுத்தினான். கடைக்கு இன்னும் மைல் கணக்கில் இரண்டு கல் இருந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், அதற்கப்பால் புதர்க்காடு, வீடு வாசல் ஒன்றுமில்லை. கடை வாசலில் கட்ட வேண்டிய முடிச்சை, ரோட்டோரத்து ரப்பர் மரமொன்றில், ஆள் உயரத்தில் எல்லாருக்குமாகத் தையல் கட்டினாள். மஞ்சள் துணி, உள்ளே ஒரு காசு, மூன்று முடிச்சு. கும்பிட்டுவிட்டு லாரியில் ஏறினாள்.

அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. நம்மில் யாருக்கும் தோன்றாது. மரத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தால் யாரோ ஏதோ வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒதுங்கிப் போவோம். சீமையிலிருந்து வந்து காட்டோரத்தில் ரோந்து போகிற சிப்பாய்க்கு அது காட்டுக்காரர்களுக்கு யாரோ வைத்த அடையாளமாகப் பட்டிருக்கிறது.

அடுத்த ஞாயிறு சடையன் எங்களை அந்த மரத்தடியில் இறக்கிவிட்டு, லாரியை நானா கடைக்குக் கொண்டுபோய்விட்டான். மரத்தில் முடிச்சைக் காணோம். தையல் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பட்டையைத் தடவினாள். வேறு மரமோ என்று அடுத்த மரத்துக்கு ஓடினாள். அப்போதுதான் புதருக்குள்ளிருந்து போலீஸ் எழுந்து வந்தது. காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சார்ஜன்ட் கையை விரித்தார். உள்ளங்கையில் எங்கள் மஞ்சள் துணி.

“இனி சியாப்பா பூஞா?” என்றார். இது யாருடையது?

நான் வாயைத் திறப்பதற்குள் தையல் முன்னால் போய், “என்னுது. குடுங்க” என்று கையை நீட்டினாள்.

வேனில் ஏற்றி, வந்த வழியே பின்னால் இருந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மொழிபெயர்க்க ஆளில்லை. என் மனைவியை விசாரிக்க என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார் சார்ஜன்ட். ஒரு வார்த்தை கூட்டினாலும் குறைத்தாலும் உன்னையும் சேர்த்து உள்ளே வைப்பேன் என்றார். அத்தான், உங்கள் பெண்டாட்டியை ஒருவன் குற்றவாளியாக்கிக் கேள்வி கேட்கும்போது அந்தக் கேள்வியை உங்கள் வாயாலேயே கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன்.

“இந்தக் காசு யாருக்கு?”

“ஆத்தாளுக்கு.”

“அது யார்? பெயர்?”

“மாரியம்மா.”

சார்ஜன்ட் எழுதிக்கொண்டார்.

“எங்கே இருக்கிறாள்?”

“மலாக்கா டவுன்ல.”

“இந்தக் காசை எடுக்க அவள் எப்போது அந்த மரத்துக்கு வருவாள்?”

“அவ எதுக்கு வரா? நாங்கதான் அவகிட்ட போறோம்.”

“கூட இருப்பவர்கள்?”

தையல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “காளி இருக்கா, முனீஸ்வரன் இருக்காரு. யார் யார் பேரெல்லாம் வேணும்னு கேளுங்க” என்றாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா? வார்த்தை குறையக்கூடாது என்று உத்தரவாயிற்றே, சொன்னேன். சார்ஜன்ட் அவர்கள் பெயர்களையும் எழுதிக்கொண்டார். வெளியே வராந்தாவில் மற்ற பெண்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். வேலு ஒரு கான்ஸ்டபிளோடு மலாயில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். என்னை அடித்திருந்தால்கூட அந்தச் சிரிப்பு அளவுக்கு வலித்திருக்காது.

5

மத்தியானத்துக்குமேல் வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. சடையனும் பக்கத்தில் நானாவும். நானா எங்களைக் காப்பாற்ற வருகிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர் உள்ளே வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டார்.

“லாரி காலையிலேருந்து என் கடை வாசல்லயே நின்னுச்சு. ஆளக் காணோம். ஆறு மணிக்கு மேலயும் நின்னிருந்தா எவன் பதில் சொல்றது? ஒங்கப்பனா?”

பிறகு மேஜைமேல் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். என்ன விஷயம் என்று ஒரு போலீஸ்காரர் சொன்னார். நானாவுக்கு என்மேல் இருந்த கோபமெல்லாம் சார்ஜன்ட்மேல் திரும்பிவிட்டது. மலாயில் அவர் சொன்னது இதுதான்: துவான் ஐயா, உங்கள் கம்பத்துக் கிராமத்துக்குப் பின்னால் இருக்கிற கெராமாட்டில், அந்த மகான் சமாதியில், உங்கள் ஆட்கள் கட்டுகிற துணி என்ன நிறம்? நான் தர்காவில் கட்டுகிறேனே, அது என்ன நிறம்? இந்தப் பெண்பிள்ளைகளுக்குப் புத்தி கிடையாது, காட்டோரத்தில் போய்க் கட்டியிருக்கிறார்கள். புத்தி இல்லாததற்கெல்லாம் உள்ளே வைத்தால் உங்கள் ஸ்டேஷனில் இடம் போதாது. இவர்களை விடுங்கள், என்னைக் கடையில் இறக்கிவிட்டு இந்த லாரி ஒழிய வேண்டும்.

சார்ஜன்ட் எழுதிய தாளை ஓரமாகத் தள்ளிவைத்தார். அந்தத் துணி என்னவென்று அவருக்கும் முதலிலிருந்தே தெரியும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மேலே இருக்கும் வெள்ளைக்கார ஆபீசருக்கு ஏதாவது எழுதியாக வேண்டும், அதற்கு நாங்கள் அகப்பட்டோம். அவரை நான் மன்னிக்கவில்லை.

விட்டுவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. முடிச்சு கட்டிய மரத்திலிருந்து நானா கடை வரைக்கும் அந்த இரண்டு கல் ரோட்டில் இனி யாரும் நடக்கக்கூடாது. லாரியில் போகலாம். எங்கேயும் நிற்கக்கூடாது. கடைக்கு அப்பால் நடந்துகொள்ளுங்கள். துணியையும் காசையும் தர மாட்டேன்.

இதைத் தையலிடம் மொழிபெயர்த்ததுதான் அன்றைய விசாரணையிலேயே எனக்குக் கஷ்டமான பகுதி.

“அப்ப நடுவுல விட்டுப்போகுமே” என்றாள். “அந்த ரெண்டு கல்லு?”

“என்ன செய்யச் சொல்ற? சுட்டுருவான்.”

அவள் வேலுவை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள்.

நானும் பின்னால் ஏறப் போனேன். சார்ஜன்ட் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பெர்மிட் உன் பெயரில், நீ டிரைவர் பக்கத்தில் உட்கார், வழியில் லாரி நின்றால் உன்னைத்தான் பிடிப்பேன் என்றார். முன்னால் சடையன், நானா, நான் என்று மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். லாரி கிளம்பியது.

அந்த ரப்பர் மரம் வந்தது. பின்னால் தகட்டில் தடதடவென்று சத்தம். முதுகுப் பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன்.

தையல் எழுந்து நின்றுவிட்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓடுகிற லாரியில், பின்தட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டிருந்தாள். வெறுங்கால். நானாவின் நிபந்தனைப்படி கான்வாஸ் இல்லாமல் காலையிலிருந்து வெயிலில் காய்ந்த தகடு. உட்கார்ந்திருந்த பெண்கள் சேலையை மடித்துப் போட்டு அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள். இவள் அதில் நடந்தாள்.

“அந்தப் பொம்பள விழுந்து தொலைக்கப்போவுது!” என்று நானா கத்தினார். “டேய், மெதுவா போ லா!”

“நிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கான் நானா.”

“நிக்கவா சொன்னேன்? மெதுவா போன்னேன். மெதுவா போகக்கூடாதுன்னு எவனும் சொல்லலியே!”

சடையன் லாரியை முதல் கியருக்குக் கொண்டுவந்தான். மாட்டுவண்டி போல ஊர்ந்தது. மறுபடி திரும்பிப் பார்த்தபோது இன்னும் இரண்டு பெண்கள் எழுந்திருந்தார்கள். பிறகு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நடுவே இடம் போதாமல், கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி ஒருவர் பின் ஒருவராகத் தட்டைச் சுற்றி வந்தார்கள். குழியில் லாரி குலுங்கும்போது ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. தையலின் உதடு பல்லில் கடிபட்டிருந்தது. வேலு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அன்றைக்கு அதிசயமாகத் தமிழில், “அம்மா சுடுதாம்மா, சுடுதாம்மா” என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

எதிரே ராணுவ லாரி ஒன்று வந்தது. அதிலிருந்த சிப்பாய்கள் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு வெறுப்போடு யாரையும் பார்த்ததில்லை.

கடை வாசலில் தையல் இறங்கியபோது காலைத் தரையில் முழுதாக ஊன்ற முடியவில்லை. நேரமாகிவிட்டதால் அன்று அதற்குமேல் நடக்க வழியில்லை. இடுப்பிலிருந்து இன்னொரு மஞ்சள் துணியை எடுத்து, கடைத் தூணில் கட்டப் போனாள்.

“தூண்ல கட்டாதே, என்னையும் உள்ள தள்ளப் பாக்குறியா?” என்று நானா அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். நானா அதை உள்ளே கொண்டுபோய், வெங்காயக் கூடை தொங்கும் கொக்கியில் கட்டினார். “கடைக்குள்ள எத்தன துணி தொங்கினாலும் எவனும் கேக்கமாட்டான். அடுத்த வாரம் வந்து எடுத்துக்க. லாரிய மொதல்ல எடுங்க” என்றார்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் அந்தக் கொக்கியிலிருந்து தஞ்சோங் கிளிங், அங்கிருந்து மலாக்கா டவுன் என்று நடந்து முடித்தோம். காலில் துணி சுற்றிக்கொண்டுதான் தையல் நடந்தாள். வேலுவின் ஜடை இரண்டும் கோயிலில் இறங்கின. மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு அவன் முதலில் கேட்டது, இனிமேல் கேட்டில் என்னத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று.

6

அத்தான், இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். நம் பண்ணையார் வருஷாவருஷம் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பாதயாத்திரை போவாரே, ஞாபகமிருக்கிறதா? ஊர் எல்லை வரைக்கும் மேளத்தோடு நடப்பார். எல்லை தாண்டிப் புளியந்தோப்புக்குள் கூண்டு வண்டி அவிழ்த்துப்போட்டுக் காத்திருக்கும். ஏறிக்கொள்வார். கோயில் கோபுரம் தெரிகிற இடத்தில் இறங்கி மறுபடி நடப்பார். வழியெல்லாம் அவருக்கு நீர்மோர்ப் பந்தல். அந்த வண்டியை ஓட்டியவர் நீங்கள். அப்போது கோயில் வாசலில் நின்று நீங்கள் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. நானும் அந்த வண்டி பின்னால் ஓடிவந்தவன்தான், நானும் சிரிக்கவில்லை. நம் ஆட்களுக்குத் தேரோடும் தெருவில் செருப்போடு நடக்க உரிமையில்லாத ஊர் அது. இங்கே எங்களுக்கு ரோட்டில் நடக்கவே உரிமையில்லாமல் போயிற்று. எந்த ஊர் மேல் என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டின் மேலும் எனக்கு எரிச்சல்தான்.

நேற்று இதையெல்லாம் எழுதிவைத்துத் தையலுக்குப் படித்துக் காட்டினேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டாள். வலது குதிகாலில் அந்தத் தகட்டின் ஆணித்தலை சுட்ட வடு இன்னும் வட்டமாக இருக்கிறது. வேலு பள்ளிக்கூடத்துப் பலகையோடு பக்கத்தில் படுத்திருந்தான். “அத்தான்னா யாருப்பா?” என்று கேட்டான். சொன்னேன். “அவரு ஏன் லா சிரிக்கிறாரு?” என்றான். நான் தாள்களை மடித்து வைத்தேன்.

எங்கள் கரையோரப் பக்கத்தை இப்போது அபாயம் நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். கேட்டில் சோதனை இல்லை. சோற்றுக்குத் தடையில்லை. அந்த இரண்டு கல் ரோட்டிலும் யாரும் நடக்கலாம். ஆகவே தையலிடம் சொன்னேன்.

“ஊர்க்காரன் வாயை அடைக்கணும்னா ஒண்ணு செய்யலாம். இந்த ஞாயித்துக்கெழம போயி, அந்த மரத்துலேருந்து நானா கடை வரைக்கும் நீ நடந்துட்டு வந்துரு. விட்டுப்போனதும் சேந்துரும்.”

ஒரு வாரமாகச் சரியாகப் பேசாதவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அத்தான் பேச்சால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அதனால்தான் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாள் என்று இத்தனை நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு எங்க விட்டுப்போச்சு?” என்றாள். “நான் அத நடந்தாச்சு. கூட வந்த எல்லாரும் நடந்தாச்சு. ஒங்க அத்தான் சொன்னது பொய்யில்ல, அதான் எனக்கு வேதன. நீங்கதான் முன்னாடி ஒக்காந்துக்கிட்டு வந்தீங்க. புள்ளைக்கு நீங்களும்தானே அப்பா? நீங்க போயி நடந்துட்டு வாங்க.”

சார்ஜன்ட் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்ததை எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தட்டுச் சத்தம் கேட்டது. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலை சடையனைப் பிடித்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்னை அந்த மரத்தடியில் இறக்கிவிட வேண்டும் என்று.

“லாரிய எங்க நிறுத்தறது கிராணி?”

“நானா கடை வாசல்ல. கான்வாஸக் கழட்டிட்டு, பின்பலகைய எறக்கி, ரோட்டப் பாத்து.”

“இப்பதான் எங்க வேணும்னாலும் நிறுத்தலாமே லா?”

“அங்கதான் நிறுத்தணும்” என்றேன்.

அத்தான், கோயில் வாசலில் அந்த நாலு பேரையும் மறுபடி கூட்டி இதைச் சொல்லுங்கள். பாதயாத்திரைக்கு லாரியில் போனவன் எங்கள் தோட்டத்தில் ஒரே ஒருவன். அவனும் இந்த ஞாயிற்றுக்கிழமை இறங்கி நடக்கிறான்.